குளிர்த்தி நாளில் வெளுத்த பவளம்

எங்கள் ஊருக்கு ஒரு பக்கம் கடல், மறுபக்கம் வாவி. இரண்டுக்கும் நடுவே வீட்டுக்குள்ளும் ஒரு கடலை வைத்திருந்தவள் நான் ஒருத்திதான். கனடாவுக்குப் போன சிநேகிதி தன் கண்ணாடித் தொட்டியை என்னிடம் விட்டுப் போனாள். அதில் சில மீன்களும், உள்ளங்கை அளவில் உயிருள்ள ஒரு பவளமும் இருந்தன. "மீன் செத்தா வேற மீன் விடலாம். இத மட்டும் சாக விட்றாத புள்ள" என்று வாகனத்தில் ஏறும்போதும் சொன்னாள்.

என் கணவருக்கு அது வேடிக்கை. கடற்கரையிலிருந்து பிளாஸ்டிக் கானில் தொட்டிக்குத் தண்ணீர் சுமப்பவர் அவர் என்பதால் பகிடி பண்ணும் உரிமையும் அவருக்கே. "இந்தப் பவளத்தத்தான் முருகைக்கல்லெண்டு சூளையில போட்டுச் சுண்ணாம்பு சுட்ட ஆக்கள் நாங்க. நீ அதுக்கு லைட்டுப் போட்டு வளக்கிறாய்" என்பார். அது கல் இல்லை, உயிர் என்று சொல்லிச் சொல்லி என் வாய்தான் வலித்தது. பார்வைக்கும் அது பெரிய அழகில்லை, வெறும் மண்ணிறம். ஆனால் காலையில் லைட் போட்டதும் அதன் சின்னச் சின்ன வாய்கள் விரியும். அதைப் பார்க்காமல் நான் தேத்தண்ணீர் குடித்ததில்லை.

இந்த வைகாசியில் அம்மன் கோயில் சடங்கு தொடங்கியது. வீடு கழுவி, மீன் மச்சம் சமைப்பதை நிறுத்தி, தினமும் மூலைக்கு மூலை மஞ்சள் தண்ணீர் தெளிப்போம். அதில் ஒரு துளி தொட்டிக்குள் விழுந்தால் பவளம் என்னாகுமோ என்று எனக்குப் பயம். பழைய யன்னல் கண்ணாடி ஒன்றை எடுத்துத் தொட்டியின் வாயை மூடி, லைட்டை அதன் மேலேயே வைத்தேன். கோயிலுக்குப் போகும்போது வீட்டையும் இறுக்கிச் சாத்திவிட்டுப் போவோம்.

கொஞ்ச நாளில் பவளம் நிறம் மாறியது. மண்ணிறம் கழன்று ஓரத்தில் ஊதா வந்தது, பிறகு முழுவதும் ரோசாவும் நீலமுமாக மின்னியது. ஓடிப்போய் அயலாரைக் கூப்பிட்டேன். பக்கத்து வீட்டார் பார்க்க வந்தார்கள். கணவரின் தாய், என் மாமி, கையெடுத்துக் கும்பிட்டார். "அம்மாள்ட அருள் புள்ள. குளிர்த்தி முடியுமட்டும் ஒண்டையும் தொட்றாத." நான் தொடுவேனா? கண்ணூறு படக்கூடாதென்று தொட்டியின் மூலையில் ஒரு கரிப்பொட்டும் வைத்தேன்.

சடங்கின் கடைசி நாள் குளிர்த்தி. அம்மாளின் கோபச் சூட்டைப் பாட்டாலும் தண்ணீராலும் ஆற்றும் நாள். புறப்படுமுன் பவளத்தைப் படமெடுத்துச் சிநேகிதிக்கு அனுப்பினேன். "உன்ட கையில எப்பவாவது இப்பிடி மின்னினதா?" என்று ஒரு குத்தலும் சேர்த்தேன்.

குளிர்த்திப் பாட்டு முடிந்து, கோயிலில் பூசை செய்யும் கட்டாடியார் வேப்பிலையால் கூட்டத்தின் மேல் தண்ணீர் தெளித்துக்கொண்டு வந்தார். என் முகத்திலும் விழுந்தது. அப்போதுதான் கையிலிருந்த ஃபோன் அதிர்ந்தது, சிநேகிதியின் பதில்.

"புள்ள, அது அழகில்ல. அதுக்குள்ள இரிந்து அதுக்குச் சாப்பாடு குடுக்கிற சின்ன உயிர்கள்ட நிறந்தான் அந்த மண்ணிறம். சூடு தாங்க ஒண்ணாம அதுகள வெளிய தள்ளிப்போட்டுது. வெளிச்சத்த மறைக்க இந்த நிறத்தப் போத்திரிக்கு. அடுத்தது வெள்ளைதான். தொட்டிய என்னத்தாலயும் மூடினியா?"

மூடினியா என்ற சொல்லைப் படித்ததும் அந்த யன்னல் கண்ணாடி கண்ணில் வந்து நின்றது. செருப்பைத் தேடவில்லை, மாமியிடம் சொல்லவில்லை. கூட்டத்தை இடித்துக்கொண்டு வெளியே வந்து வீட்டுக்கு ஓடினேன். என்ன ஏதென்று கேட்டபடி கணவரும் பின்னால் ஓடிவந்தார்.

கதவைத் திறந்ததும் வெக்கை முகத்தில் அடித்தது. அவசரத்தில் அணைக்காமல் போன லைட் எரிந்துகொண்டிருந்தது. அதன் கீழே ரோசா இல்லை, நீலம் இல்லை. பவளம் ஒரே வெள்ளையாய்க் கிடந்தது. கண்ணாடியைத் தூக்கினேன், அடிப்பக்கமெல்லாம் ஆவி வேர்த்திருந்தது. கையை உள்ளே விட்டேன். பிள்ளையைக் குளிப்பாட்ட விளாவி வைத்த தண்ணீர் போலச் சூடாக இருந்தது.

என் முகத்தில் குளிர்த்தித் தண்ணீர் இன்னும் காயவில்லை. ஊரே கூடி அம்மாளைக் குளிர வைத்த நாளில், நம்பித் தந்த ஒரு உயிரை நான் மூடி வைத்து அவித்திருக்கிறேன். அதன் அவதியை அழகென்று ஊரைக் கூட்டிக் காட்டியும் இருக்கிறேன்.

கணவர் என் தோளுக்கு மேலால் எட்டிப் பார்த்தார். இந்த முறை சுண்ணாம்பென்று பகிடி பண்ணாமல், கானைத் தூக்கிக்கொண்டு கடற்கரைக்கு நடந்தார்.