பணம் வரும்வரை டவர் வரவில்லை

உடும்பஞ்சோலையில் ஏலக்காய்த் தோட்ட ஆட்களை ஏற்றும் ஜீப் ஓட்டுகிறேன். சில வருடங்களுக்கு முன் ஆன்லைன் போக்கரில் பதினெட்டாயிரம் ஜெயித்தேன். வழுக்கையான டயர்களை மாற்றலாமென்று பணத்தை வங்கிக்கு மாற்றச் சொல்லி அழுத்தினேன். மூன்று நாளாகியும் வரவில்லை. ‘ரத்து செய்து விளையாடு’ என்ற பட்டன் மட்டும் மினுங்கிக்கொண்டே இருந்தது. முன்பு இரண்டு தடவை அதை அழுத்தி, ஜெயித்ததை எல்லாம் தோற்றிருக்கிறேன்.

நான்காம் நாள் அழுத்தியே விட்டேன். திரை சுற்றிக்கொண்டே நின்றது. மழைக்காற்றில் டவர் போயிருந்தது.

இரண்டு நாள் கழித்து டவர் திரும்பியதும், என் மனைவி செல்வி போனை நீட்டினாள். “என்னங்க, பணம் ஏறிருச்சு. அந்த டவருக்கு ஒரு கும்பிடு போடுங்க!”

அதிலிருந்து எந்த ஆப்பிலும் முதலில் நூறு ரூபாய் எடுத்துப் பார்ப்பேன். அன்றே வராவிட்டால் அங்கே ஆடுவதில்லை. சீட்டில் தோற்றதைவிட, காத்திருந்து தோற்றதுதான் எனக்கு அதிகம்.