அழிமுகத்தில் அவிழ்ந்த சாக்கு முடிச்சு

என் போனில் ஒரு போட்டோ இருக்கிறது. ஆரஞ்சு நிற லைஃப் ஜாக்கெட்டைப் போட்டுக்கொண்டு, மடியில் துடுப்போடு நான் ஒரு வள்ளத்தில் உட்கார்ந்திருக்கிறேன். போன வாரம் அதைப் பார்த்துவிட்டு, பிள்ளைகள் நீங்கள் இரண்டு பேரும் விழுந்து விழுந்து சிரித்தீர்கள். பெரியவள் மட்டும், "அத்தா அழுத மாதிரி இருக்கே" என்றாள். மீன் பிடிக்கப் போனபோது எடுத்தது, வெயில் கண்ணில் அடித்தது என்று சொல்லிவிட்டு நான் வேலைக்குக் கிளம்பிவிட்டேன். வெயில் என்றது பொய். அழுதேன்தான். ஏன் என்று எழுதி வைக்கிறேன். தமிழை எழுத்துக் கூட்டிப் படிக்கச் சிரமமாக இருந்தால் அம்மாவை வாசிக்கச் சொல்லுங்கள். அவளுக்கும் இதில் பாதிதான் தெரியும்.

என்னோடு வந்தது நீங்கள் மீன் மாமா என்று கூப்பிடுகிற ஆள்தான். கன்னியாகுமரிப் பக்கத்துக் கடற்கரைக்காரர். பதினெட்டு வயதில் இந்த மலையாளக் கரைக்கு, தோப்பும்படி ஹார்பரில் மீன்பிடி போட் வேலைக்கு வந்து, பள்ளுருத்தியில் வீடெடுத்து இங்கேயே தங்கிவிட்டார். பத்து நாள், பதினைந்து நாள் ஆழ்கடலில் கிடந்துவிட்டு வருவார். வந்தால் முதலில் பாலத்தடியில் என்னோடு ஒரு சாயா, அப்புறம்தான் வீடு. எங்கள் இருபது வருஷப் பழக்கம் அப்படி வந்தது.

அவருக்கு நெஞ்சு வலி வந்ததும் ஸ்டென்ட் வைத்ததும் உங்களுக்குத் தெரியும். ஆஸ்பத்திரிக்கு ஆரஞ்சுப் பழம் வாங்கிக்கொண்டு நீங்களும் வந்தீர்கள். அதற்குப் பிறகு எட்டு மாதம் அவர் கரையிலேயே கிடந்தது உங்களுக்குத் தெரியாது. பெரிய போட்டில் இனிமேல் போகக் கூடாது என்று டாக்டர் சொல்லிவிட்டார். நடக்கலாம், சின்னச் சின்ன வேலை செய்யலாம், கனம் தூக்கக் கூடாது. அவர் நடக்கவும் இல்லை, சின்ன வேலை செய்யவும் இல்லை. நான் போகும்போதெல்லாம் கட்டிலில் மல்லாந்து படுத்திருப்பார். ஒரு நாள் அவர் மனைவி வாசல் வரை என் பின்னால் வந்து, "ஃபேனப் பாத்துட்டே கெடக்காரு அண்ணே, எங்கிட்ட பேசி நாலு நாளாச்சு" என்றாள்.

அப்போதுதான் அவர் சொந்தக்காரர் ஒருத்தரிடமிருந்து ஒரு சின்ன ஃபைபர் வள்ளம் கைக்கு வந்தது. கயிறு இழுத்து ஸ்டார்ட் செய்கிற சின்ன எஞ்சினும் இருந்தது. கட்டிப் போட இடம் இல்லாமல் நான் வேலை செய்கிற கோடவுனின் பின்பக்கம், காயலில் இறங்குகிற படியில் கட்டினோம். இரண்டு மாதம் அங்கேயே ஆடிக்கொண்டு கிடந்தது. அவர் தினமும் வந்து அதைத் துடைத்துவிட்டுப் போவார். ஏறி உட்காரக்கூட மனைவி விடவில்லை.

ஒரு சனிக்கிழமை அவளே கோடவுனுக்கு வந்தாள். மிளகுச் சாக்குகளுக்கு நடுவில் நின்றுகொண்டு, நானும் கூடப் போவதென்றால் நாளைக்கு ஒரு காலை மட்டும் அவர் போகட்டும் என்றாள். நங்கூரம் போடுவது, தூக்குவது, எஞ்சின் கயிறு இழுப்பது, துடுப்புப் போடுவது எதையும் அவர் தொடக் கூடாது, எல்லாம் நான்தான் செய்ய வேண்டும். மாத்திரை அவர் சட்டைப் பையில் இருக்க வேண்டும். ஒன்பது மணிக்குள் கரை சேர வேண்டும். இவ்வளவையும் சொல்லிவிட்டு, கடைசியில் குரலைத் தாழ்த்தினாள்.

"ஒண்ணு கெடக்க ஒண்ணு ஆச்சுன்னா, அந்த வள்ளத்த நானே கோடாலி வச்சுக் கொத்திருவேன். பொறவு இவரு கடலப் பாக்கவே மாட்டாரு. கேட்டீங்களா அண்ணே?"

கேட்டேன். சரி என்றேன். எனக்கு நீந்தத் தெரியாது என்பதை மட்டும் சொல்லவில்லை.

மறுநாள் விடியற்காலை சுபுஹ் தொழுதுவிட்டு நேராகப் படிக்குப் போனேன். இரண்டு பேரும் எனக்கு முன்பே வந்து நின்றார்கள். அவர் முகச்சவரம் செய்து, புதுச் சட்டை போட்டிருந்தார். மீன் பிடிக்கப் போகிறவரா, கல்யாணத்துக்குப் போகிறவரா என்று கேட்டேன். அவள் அந்த ஆரஞ்சு ஜாக்கெட்டை எனக்கு மாட்டி, வாரை இழுத்து இறுக்கினாள். அவருக்கும் ஒன்று மாட்டினாள். எஞ்சின் கயிற்றை நான் ஏழு தடவை இழுத்தேன். ஏழாவது தடவை பிடித்தது. அவர் இரண்டு கையையும் அக்குளுக்குள் வைத்துக்கொண்டு சிரித்தபடி நின்றார்.

மழை விட்ட மாதம் அது. காயல் முழுக்கப் பாயல் மிதந்துகொண்டிருந்தது, தமிழ்ப் புத்தகத்தில் ஆகாயத்தாமரை என்று போட்டிருப்பார்களே, அதுதான். ஆற்று நீர் அதைக் கூட்டம் கூட்டமாகக் கடலுக்குத் தள்ளிக்கொண்டு போனது. எஞ்சினைத் திருப்புகிற வேலையை மட்டும் அவர் எடுத்துக்கொண்டார். அதற்கு இரண்டு விரல் போதும், அவள் சொன்னதில் அது வராது என்றார். பாயல் கூட்டங்களுக்கு நடுவே நுழைந்து நுழைந்து, காயல் கடலோடு சேர்கிற அழிமுகம் தாண்டி, கப்பல் போகிற சாலுக்குத் தெற்கே ஒதுங்கி நிறுத்தினார். சாலின் ஓரத்தில் ஒரு பச்சை மிதவை ஆடிக்கொண்டிருந்தது. அது எங்களுக்கு வலது பக்கம் நல்ல தூரத்தில் இருந்தது. இதை ஞாபகம் வைத்துக்கொள்ளுங்கள்.

நங்கூரத்தை நான் போட்டேன். கயிற்றின் நுனியை முன்பக்கக் கட்டையில் நான்தான் கட்டினேன்.

என் வேலை உங்களுக்குத் தெரியும். இருபத்தாறு வருஷமாகச் சாக்கு வாய் கட்டுகிறேன். எடை போடக் காத்திருக்கிற சாக்கைத் தைக்க மாட்டோம், சணல் கயிற்றால் ஒரு சுற்றுச் சுற்றி, வால் வெளியே நிற்கிற மாதிரி கட்டுவோம். அடுத்து வருகிறவன் வாலைப் பிடித்து ஒரு இழு இழுத்தால் சாக்கு திறந்துவிடும். கண்ணை மூடிக்கொண்டு கட்டுவேன். அன்றைக்கும் என் கை என்னைக் கேட்கவில்லை. அந்த முடிச்சைத்தான் போட்டது. சணல் சொரசொரப்பு, அது பிடித்து நிற்கும். வள்ளத்தில் இருந்தது நனைந்த நைலான் கயிறு. அலை தூக்கும்போதெல்லாம் ஒரு விரல், ஒரு விரலாக அது நழுவியிருக்கிறது.

வேறு நாளாக இருந்தால் அவர் எழுந்து போய் ஒரு தடவை இழுத்துப் பார்த்திருப்பார். அடுத்தவன் கட்டியதை நம்புகிற ஆள் இல்லை அவர். அன்றைக்கு நங்கூரத்தைத் தொடுவதில்லை என்று சொல்லி வந்திருந்தார். அதனால் தொடவில்லை.

தூண்டிலில் இறாலைக் குத்தி இறக்கியதும் மீன் கடிக்கத் தொடங்கியது. கிளிமீன் வந்தது. ஒரு கை நீளப் பாரை வந்தது. அவர் பேசத் தொடங்கினார். எட்டு மாதப் பேச்சையும் ஒரே மூச்சில் பேசினார். நான் தூண்டிலைப் பிடிக்கிற விதம் சுண்ணாம்பு டப்பாவைப் பிடிக்கிற மாதிரி இருக்கிறதாம். என்னைக் கண்டு பரிதாபப்பட்டுத்தான் மீன் வருகிறதாம். நான் சிரித்துக்கொண்டே திரும்பினேன். பச்சை மிதவை இடது பக்கம் இருந்தது.

மிதவை நகராது. நாங்கள்தான் நகர்ந்திருந்தோம். முன்பக்கம் போய்ப் பார்த்தேன். கட்டையில் கயிறே இல்லை. நீர் இறங்குகிற நேரம், கரைக்காற்றும் சேர்ந்துகொண்டது. சத்தமே இல்லாமல் எங்களைச் சாலுக்கு நடுவில் கொண்டுபோய் விட்டிருந்தது. மேற்கே ஒரு கப்பல் எங்களைப் பார்த்து வந்துகொண்டிருந்தது. மேலே அடுக்கடுக்காகக் கன்டெய்னர்.

எஞ்சின் கயிற்றை இழுத்தேன். பிடித்தது. பத்தடி போவதற்குள் உறுமி நின்றுவிட்டது. விசிறியில் பாயல் சுற்றிக்கொண்டது. அதை அறுத்தெடுக்க நேரமாகும். போனில் யாரைக் கூப்பிட்டாலும் வந்து சேர அரை மணி ஆகும். அவர் எழுந்து துடுப்பை எடுத்தார். நான் பாய்ந்துபோய்ப் பிடுங்கினேன். வள்ளம் ஒரு பக்கம் சாய்ந்து தண்ணீர் உள்ளே வந்தது. அவர் என் முகத்தையே பார்த்தார். அவர் துடுப்புப் போட்டால் மூன்று நிமிடத்தில் வெளியே போய்விடலாம் என்று எனக்கும் தெரியும், அவருக்கும் தெரியும். போடும்போது நெஞ்சு பிடித்துக்கொண்டால்?

அவர் உட்கார்ந்தார். "பாய், நீரு கப்பலப் பாக்காதயும். துடுப்பப் பாரும்" என்றார்.

அதற்குப் பிறகு ஒரு வார்த்தை பேசவில்லை.

நான் துடுப்புப் போட்டேன். வள்ளம் ஒரே பக்கமாகச் சுற்றியது. அவர் இடது கையால் காட்டினார், இந்தப் பக்கம், இப்போது அந்தப் பக்கம் என்று. வலது கை ஜாக்கெட்டுக்கு அடியில், சட்டைப் பைக்குள், நெஞ்சில் அழுந்தி இருந்தது. நெற்றியெல்லாம் வேர்வை. உதடு லேசாக நடுங்கியது. மாத்திரையைத் தேடுகிறார், எடுக்க முடியவில்லை என்று நினைத்தேன். துடுப்பை விட்டுவிட்டு அவரிடம் போனால் கப்பல் வந்துவிடும். விடாமல் இருந்தால் என் கண் முன்னால் அவர் போய்விடுவார். பயந்தால் எனக்கு மலையாளம்தான் வரும்.

"எடோ, நெஞ்சு வேதனையாணோ? பறயெடோ."

நெஞ்சு வலிக்கிறதா, சொல் என்று கேட்டும் அவர் வாய் திறக்கவில்லை. கண்ணை மூடிக்கொண்டு இடது கையை மட்டும் அசைத்தார், போடு, போடு என்று.

போட்டேன். எத்தனை நேரம் என்று தெரியாது. உங்களையும் அம்மாவையும் நினைத்தேன் என்று எழுத ஆசைதான், ஆனால் நினைக்கவில்லை. படியில் நிற்கிற அவர் மனைவியிடம் என்ன சொல்வது என்று மட்டும்தான் மனதில் ஓடியது. உள்ளங்கை தோல் உரிந்தது அப்போது தெரியவே இல்லை. கப்பல் ஒரு தடவை நீளமாக ஊதியது. கொஞ்ச நேரத்தில் பச்சை மிதவை மறுபடியும் எங்கள் வலது பக்கம் வந்தது. கப்பல் மிதவைக்கு அந்தப் பக்கம் ஒரு தெருவே நகர்ந்து போகிற மாதிரி போனது. அதன் அலை வந்து எங்களைத் தூக்கி இறக்கியது, அவ்வளவுதான்.

துடுப்பைப் போட்டுவிட்டு அவரிடம் தவழ்ந்து போனேன். அவர் கண்ணைத் திறந்து, பைக்குள்ளிருந்து கையை எடுத்தார். விரலில் ஜெபமாலை சுற்றியிருந்தது. அதை முத்தமிட்டு மறுபடியும் பைக்குள் போட்டார்.

"மூணாவது பத்து மணி ஜெபத்து நடுவுல கெடந்தேன் பாய். கடல்ல தொடங்குனா பாதியில வேற பேச்சு பேசப்படாதுல்லா" என்றார். வலி இருக்கிறதா என்று கேட்டேன். வலியெல்லாம் இல்லை என்றார். "நீரு துடுப்புப் போடுதத பாத்துட்டு ஜெபம் சொல்லாம இருக்க முடியுமா?"

துடுப்பை மடியில் எடுத்து வைத்துக்கொண்டு அங்கேதான் அழுதேன். அவர் என் போனை வாங்கி அதைப் போட்டோ எடுத்தார்.

அப்புறம் அவர் சொல்லச் சொல்ல எஞ்சினைத் தூக்கி, கத்தியால் பாயலை அறுத்தெடுத்தேன். திரும்பி வரும் வழியில், முடிச்சை யார் கட்டினது என்று அவர் கேட்கவே இல்லை. வள்ளத்தில் இருந்ததே இரண்டு பேர்தான். நானே சொன்னேன், சாக்கு முடிச்சு என்று. அவர் வெகுநேரம் சிரித்தார். பிறகு சிரிப்பை நிறுத்திவிட்டு, வீட்டில் சொல்ல வேண்டாம் என்றார். கெஞ்சிக் கேட்கிற ஆள் இல்லை அவர். அன்று கேட்டார். சொன்னால் வள்ளம் போய்விடும், மறுபடியும் கட்டிலும் ஃபேனும்தான் என்று அவருக்குத் தெரியும். நான் சரி என்றும் சொல்லவில்லை, முடியாது என்றும் சொல்லவில்லை.

ஒன்பதுக்குப் பத்து நிமிடம் இருக்கும்போது படிக்கு வந்தோம். அவள் அதே இடத்தில் நின்றாள். முதலில் அவர் முகத்தைப் பார்த்தாள். அவர் மீன் கூடையைத் தூக்கிக் காட்டினார். அவள் கூடையைப் பார்க்கவில்லை. மீன்பிடிக் குடும்பத்தில் பிறந்தவள், வள்ளத்தின் முன்பக்கத்தைப் பார்த்தாள்.

"நங்கூரம் எங்க?"

அவர் வாய் திறப்பதற்குள் நான் சொல்லிவிட்டேன். முடிச்சு, மிதவை, பாயல், கப்பல் எல்லாவற்றையும் சொன்னேன். அவர் தலையைக் குனிந்துகொண்டார். என்னை மன்னிக்க மாட்டார் என்றே நினைத்தேன். அவள் கேட்டது ஒன்றுதான், துடுப்பு யார் போட்டது என்று.

நான் என்றேன். அவர் தொடவே இல்லையா என்றாள். தொடவே இல்லை என்றேன். கையைக் காட்டுங்கள் என்றாள். காட்டினேன். இரண்டு உள்ளங்கையும் கொப்புளம் உடைந்து சிவந்திருந்தன. பிறகு அவர் கையைப் பிடித்துத் திருப்பிப் பார்த்தாள். அதில் மீன் செதில் மட்டும்தான் ஒட்டியிருந்தது. அவள் ஒரு பெருமூச்சு விட்டு, படியிலேயே உட்கார்ந்துவிட்டாள். பிறகு கூடையை இழுத்து உள்ளே பார்த்தாள்.

"பாரை நல்லாருக்கு" என்றாள். "அடுத்த வாரமும் நீங்க போனாத்தான் அண்ணே இவரு போவாரு. நங்கூரக் கயித்த மட்டும் நான் கெட்டித் தாரேன்."

அவர் தலையை நிமிர்த்தி என்னைப் பார்த்தார். அந்த எட்டு மாதத்தில் அவர் முகத்தை நான் அப்படிப் பார்த்ததே இல்லை.

அதிலிருந்து ஞாயிற்றுக்கிழமை காலையில் நாங்கள் போகிறோம். நங்கூரத்தின் கயிற்று நுனியைக் கரையில் வைத்தே அவள் கட்டையில் கட்டிவிடுகிறாள். என்ன முடிச்சு என்று கேட்டேன், சொல்லித் தரவில்லை. பாரையின் பாதியைத்தான் அன்றைக்கு நம் வீட்டில் குழம்பு வைத்தது. உள்ளங்கையில் மருந்து போட்டபோது அம்மாவிடம் சாக்கு தூக்கியதில் தோல் உரிந்தது என்று சொன்னேன். இதை அவள் உங்களுக்கு வாசித்துக் காட்டும்போது அந்த இடத்தில் நிறுத்துவாள். அப்போது நான் வீட்டில் இல்லாமல் பார்த்துக்கொள்கிறேன்.