கைகூப்பும் நோய்

சுதந்திரம் வரப்போகிறது என்று ஊரே பேசிக்கொண்டிருந்த காலம். மனநோயாளிகளுக்கான புதுச் சட்டத்தைப் பற்றி மனநல ஆஸ்பத்திரியின் பெரிய டாக்டர் மலாக்கா டவுனில் பேசுகிறார் என்றதும், எங்கள் காஜா பெராங் கிராமத்திலிருந்து சைக்கிளை மிதித்துப்போய் முதல் வரிசையில் உட்கார்ந்தேன்.

எனக்கு வேலை இருந்தது. குழந்தை இறந்து பிறந்தபின் தூக்கம் கெட்டு, தானாகவே அங்கே போய்ச் சேர்ந்த என் அண்ணி நான்கு மாதமாகத் திரும்பவில்லை. தானாகச் சேர்ந்தவர் கேட்டால் விட்டுவிட வேண்டும். சட்டத்தை வரிவரியாகப் படித்திருந்தேன். "அவங்க கேக்கலையே" என்று வாசலிலேயே அண்ணனைத் திருப்பி அனுப்பினார்கள். பார்க்கவும் விடவில்லை, நோயாளி கலங்கிவிடுவாராம்.

டாக்டர் கனைத்துக்கொண்டார். சட்டம் எழுதியவர்களுக்கு நோயாளியைத் தெரியாதாம், இவருக்குத் தெரியுமாம். "என் வார்டில் ஓர் இந்தியப் பெண். குழந்தையை இழந்தவள். நான்கு மாதமாக அவள் தாய்மொழியிலேயே ஆள் வைத்துக் கேட்கிறோம். பதில் இல்லை. ஒவ்வொரு கேள்விக்கும் கைகூப்புகிறாள். இவளுக்கா உரிமை?"

சபை கைதட்டியது. படித்த கைகள்!

எனக்குப் பற்றிக்கொண்டு வந்தது. அண்ணி மலாக்காச் செட்டி வீட்டுப் பெண், தமிழ் தெரியாது. அவர்கள் வீட்டில் தலைமுறை தலைமுறையாக மலாய்தான். எங்கள் வீட்டிலும் அவரோடு மலாய்தான். நெற்றியில் திருநீறு இருந்தால் தமிழ் என்று எழுதிவிடுவதுதான் இந்த மேதையின் ஆராய்ச்சி.

மறுநாள் காலை அண்ணனை இழுத்துக்கொண்டு போனேன். "வாய அடக்குடா, தொர கோவிச்சுக்குவாரு" என்றான் வழியெல்லாம்.

"என் அண்ணியிடம் மலாயில் கேளுங்கள்" என்றேன் டாக்டரிடம். முகம் சுளித்து அழைத்துவரச் சொன்னார். அவர் வாய் திறக்குமுன் அண்ணியே கேட்டார்: "பிலா போலே பாலெக்?"

எப்போது வீட்டுக்குப் போகலாம் என்ற அதே கேள்வியைத் தினமும் அட்டெண்டரிடம் கேட்டிருக்கிறார். அட்டெண்டர் சொன்னதை எந்த டாக்டர் காதில் வாங்கினார்?

டாக்டர் அசரவில்லை. "பேச்சு திரும்பியிருக்கிறது. என் சிகிச்சை பலித்தது" என்று எழுதி, அண்ணியை வீட்டுக்கு விடும் தாளில் கையெழுத்துப் போட்டார்.

வெளியே வந்ததும், ஏன் கைகூப்பினீர்கள் என்று கேட்டேன். அண்ணி மலாயில் சொன்னார்: "தினமும் ஒருத்தர் வந்து முன்னால நின்னு தமிழ்ல என்னமோ சொல்லுவாரு, தம்பி. கோயில்ல ஐயர் சொல்ற மாதிரியே இருக்கும். எனக்காக வேண்டிக்கிறாரு போலன்னு கும்பிட்டேன்."