பெயர் வெட்டிய குத்துவிளக்கு

எங்கள் பாத்திரக்கடையில் பெயர் வெட்டுவது நான்தான். கணவர் எடை போடுவார், விலை சொல்வார், வருகிறவர்களிடம் ஊர்க்கதை பேசுவார். ஆனால் யார் வீட்டுச் சீராக இருந்தாலும் கரண்டி முதல் அண்டா வரை எழுத்து விழுவது என் கையால். காஞ்சிபுரத்தில் பெயர் வெட்டாத பாத்திரத்தைச் சீர் என்று யாரும் ஒப்புக்கொள்வதில்லை. விசேஷ வீட்டில் நாலு குடும்பத்துப் பாத்திரம் கலந்து கிடக்கும்போது, புரட்டிப் பார்த்து "இது எங்களுது" என்று எடுத்துக்கொண்டு போக வேண்டாமா? எங்களிடம் வாங்கியதற்குப் பெயர் வெட்டக் காசு வாங்குவதில்லை.

இந்தக் கூத்தெல்லாம் கொஞ்ச வருடமாகத்தான். கடைக்கு வருவார்கள். குக்கரைத் தூக்கிப் பார்ப்பார்கள், மூடியை மாட்டிக் கழற்றுவார்கள், போனில் நாலு படம் எடுப்பார்கள், "வீட்ல கேட்டுட்டு வரோம்" என்று போய்விடுவார்கள். ஒரு வாரம் கழித்து அதே குக்கர், போனில் வாங்கிய அட்டைப்பெட்டியோடு எங்கள் கடைக்கு வரும், பெயர் வெட்டித் தரச் சொல்லி. ஒரு அம்மா, பார்சலில் வந்த தவலை வழியிலேயே நசுங்கிவிட்டது, கொஞ்சம் தட்டிக்கொடுங்கள் என்று கொண்டுவந்து நீட்டினார். "வாங்கின இடத்துலயே தட்டிக்கங்க" என்றேன். கணவர் என்னை முறைத்தார், நான் அவரைத் திருப்பி முறைத்தேன்.

நான் மட்டும் என்ன யோக்கியம்? என் நைட்டி, தலையணை உறை, மிக்ஸி ஜார் எல்லாமே போனில் வாங்கியவை. எங்களுக்கு எதிர்க்கடையே துணிக்கடை. அந்தக் கடைக்காரர் கண்ணில் படக்கூடாது என்று டெலிவரிக்காரரைப் பின்பக்கச் சந்து வழியாக வரச்சொல்வேன். ஊருக்குத்தான் உபதேசம். அப்படியிருந்தும் அட்டைப்பெட்டியோடு யாராவது படியேறினால் எனக்குப் பொறுக்காது.

எங்களுக்கு வேண்டப்பட்ட ஒரு அக்காவும் அப்படி வருவார் என்று நான் கனவிலும் நினைத்ததில்லை. அவரும் அவர் கணவரும் பட்டு நெசவு செய்கிறவர்கள். சொந்தம் இல்லை, ஆனால் சொந்தத்துக்கு மேல். எனக்குக் கர்ப்பப்பை ஆபரேஷன் ஆனபோது பத்து நாள் ரசமும் சோறும் தூக்குவாளியில் கொண்டுவந்தவர். பெரிய மகள் கல்யாணத்துக்கு மொத்தச் சீரும் எங்களிடம்தான் எடுத்தார். சின்னவளுக்கு வாலாஜாபாத்தில் மாப்பிள்ளை முடிவானதும் எங்களுக்குத்தான் முதலில் வந்து சொன்னார். அதனால் அன்று வாசலில் ஆட்டோ வந்து நின்றதும், சீர் விளக்கு எடுக்கத்தான் வருகிறார் என்று நானே நாற்காலியை இழுத்துப் போட்டேன்.

அவர் ஆட்டோவிலிருந்து ஒரு நீளமான பெட்டியை இறக்கிக் கொண்டுவந்து மேஜைமேல் வைத்தார்.

"விளக்கு வந்துடுச்சிமா. பேர் மட்டும் வெட்டிக் குடுத்துடு."

எனக்குத் தூக்கிவாரிப் போட்டது. "எங்கேந்துக்கா வந்துது?" என்றேன், தெரியாத மாதிரி.

"போன்லதாம்மா. பொண்ணு போட்டா. மாப்பிள்ளை வீட்ல படத்தைப் பாத்துட்டு இதான் வேணும்னுட்டாங்க. என்னாலயும் தறியை உட்டு எழுந்து வர முடியல, ஒரு முகூர்த்தப் பொடவை பாதில நின்னுக்கினு இருக்குது."

குடிக்கத் தண்ணீர் கேட்பதுபோல அவ்வளவு இயல்பாகச் சொன்னார். ஒரு தயக்கம் இல்லை, ஒரு சங்கடம் இல்லை. அதுதான் எனக்குச் சுருக்கென்று தைத்தது. "வெளிப் பாத்திரத்துக்கு எழுத்துக்கு இவ்வளவுன்னு வாங்குவோம்க்கா" என்றேன். பத்து நாள் சோறு போட்டவரிடம் சொன்னேன். "தாராளமா வாங்கிக்கோமா, உன் உழைப்புதானே" என்றார் அவர்.

ஜோடி விளக்கு. தூக்கும்போதே கனம் போதவில்லை. பெயர் வெட்டும் முன் மெஷின் ஊசி எவ்வளவு இறங்குகிறது என்று பார்க்க, அடித்தட்டின் உள்பக்கம், யார் கண்ணுக்கும் படாத இடத்தில் ஒரு புள்ளி வைப்பது என் வழக்கம். வைத்தேன். பித்தளையாக இருந்தால் புள்ளி பளிச்சென்று மஞ்சளாக இருக்கும். இது வெள்ளையாக இருந்தது. மேலே பித்தளை நிறத்தில் ஒரு பூச்சு, உள்ளே வெறும் இரும்பு.

மெஷினை நிறுத்திவிட்டு, "அக்கா, இது பித்தளை இல்ல, திருப்பி அனுப்பிடுங்க" என்று சொல்ல எனக்கு எவ்வளவு நேரமாகும்? பெயர் வெட்டிய பொருளைத் திருப்பி எடுக்கமாட்டார்கள் என்பது எனக்கு நன்றாகத் தெரியும். என் மிக்ஸி ஜாரையே ஒரு தடவை திருப்பி அனுப்பியிருக்கிறேன். சொல்லவில்லை. படத்தைப் பார்த்து வாங்கினாய் அல்லவா, பட்டால்தான் தெரியும் என்று மனசுக்குள் ஒரு குரல். இனிஷியலோடு சேர்த்து ஏழு எழுத்து. ஒரு விளக்கில் வெட்டினேன். அதைத் துடைத்து வைத்துவிட்டு, இரண்டாவதை எடுத்து அதிலும் வெட்டினேன். எழுத்து என்றைக்கும்விட அழகாக வந்திருந்தது.

அக்கா குனிந்து பார்த்தார். "எழுத்து வெள்ளையா இருக்குதேம்மா?"

"புதுசுல்லக்கா, அப்படித்தான் இருக்கும்."

அவர் தலையாட்டிவிட்டு, கேட்ட காசைக் கொடுத்து, பெட்டியைத் தூக்கிக்கொண்டு போனார். அன்றைக்கு நான் நன்றாகத்தான் சாப்பிட்டேன் என்பதை இப்போது நினைத்தாலும் எனக்கு அதிர்ச்சியாக இருக்கிறது.

அடுத்த வாரமே அதே பெட்டியோடு வந்தார். முகம் செத்துப்போயிருந்தது. வெள்ளிக்கிழமை பூஜைக்கு வைக்கலாம் என்று புளி போட்டுத் தேய்த்திருக்கிறார். பூச்சு உரிந்து தண்டு முழுக்கத் திட்டுத்திட்டாகிவிட்டது. மகள் போனில் புகார் பதிந்து, விளக்கை எடுத்துப்போக ஆளும் வந்திருக்கிறார். அவர் பெட்டியைத் திறந்து பெயரைப் பார்த்ததும் வேண்டாம் என்று போய்விட்டாராம்.

"மண்டபத்துல சீரு பரப்பி வச்சா சம்பந்தி வீட்டுக்காரங்க ஒண்ணொண்ணா எடுத்துப் பாப்பாங்கமா. அவ அந்த வீட்டுக்குப் போனதும் ஏத்தப் போற மொத வெளக்கு இது. இத வச்சிக்கினு நான் இன்னா செய்வேன்? அந்தப் பேர மட்டும் அழிச்சிக் குடுத்துடு, மறுபடி அனுப்பிப் பாக்கறோம்."

"அழிக்க முடியாதுக்கா."

அவர் பெருமூச்சு விட்டார். பிறகு என் கையைப் பிடித்துக்கொண்டு, "உன்ன சொல்லி இன்னா பிரயோஜனம். நீ எழுத்தத்தானே பாத்துக்கினு இருந்திருப்ப, உனக்கு எப்படிம்மா தெரியும்" என்றார்.

அவர் திட்டியிருந்தால் தாங்கியிருப்பேன். இதைத் தாங்க முடியவில்லை.

"தெரியும்க்கா" என்றேன். அடித்தட்டைப் புரட்டி அந்தப் புள்ளியைக் காட்டினேன். "எழுதறதுக்கு முன்னாடி இத வச்சிப் பாப்பேன். இத வச்சப்பவே தெரிஞ்சிபோச்சி."

உள்ளே எடை போட்டுக்கொண்டிருந்த என் கணவர் கையில் இருந்த எடைக்கல்லை அப்படியே பிடித்துக்கொண்டு நின்றார். அவருக்கும் இது புதுச் செய்தி.

அக்கா அந்தப் புள்ளியையே பார்த்துக்கொண்டிருந்தார்.

"புள்ளி வச்சப்பவே தெரிஞ்சிதா? அப்புறம் ஏழு எழுத்தையும் எதுக்கும்மா வெட்டுன? ரெண்டுலயும்?"

எழுந்து போய், கடையில் இருந்ததிலேயே நல்ல ஜோடியாகப் பார்த்து இரண்டு பித்தளை விளக்குகளை எடுத்துவந்து அவர் முன்னால் வைத்தேன். காசு வேண்டாம் என்றேன். அவர் அதைக் காதிலேயே போட்டுக்கொள்ளவில்லை. என் கணவரைப் பார்த்து எடை போடச் சொன்னார். போட்டதும் ரவிக்கைக்குள்ளிருந்து பர்ஸை எடுத்து அவரிடமே காசைக் கொடுத்தார். பிறகு ஒரு விளக்கைக் கவிழ்த்து, என் மேஜையில் கிடந்த உதிரி ஊசியை எடுத்து, அடித்தட்டில் தானே ஒரு கோடு கிழித்தார். மஞ்சளாக விழுந்தது. இன்னொன்றிலும் கிழித்துப் பார்த்தார்.

பழக்கதோஷத்தில் என் கை மெஷின் பக்கம் போய்விட்டது. "பேர் வெட்டட்டுமாக்கா?" என்றேன்.

"நீ கட்டி மட்டும் குடு. பேர பஸ் ஸ்டாண்டு பக்கத்துக் கடையில வெட்டிக்கிறேன்."