நான் அழித்த முந்நூற்றுப் பதினெட்டுப் பத்திரங்கள்

போன வருடம் ஐப்பசி மழை ஓய்ந்து ஒரு வாரம் இருக்கும். இலங்கை மலையகத்தில், நமுனுகுலப் பக்கம் ஒரு தேயிலைத் தோட்டத்தில், என் வீட்டு முன்னறையில் நடந்தது இது. நான் ஓய்வு பெற்ற கணக்கு ஆசிரியர். வயது எழுபத்திரண்டு. படியேறினால் படியை எண்ணுவேன், பஸ் ஏறினால் ஆட்களை எண்ணுவேன்.

ஐந்து வருடமாக ஒரு வேலை செய்து வந்தேன். தோட்டத் தொழிலாளர் குடியிருக்கும் லயங்களில் கூரை ஒழுகும், கரையான் அரிக்கும், கடுதாசி தங்காது. அதனால் அங்குள்ளவர்களின் பிறப்பு, விவாக, பிரஜாவுரிமைப் பத்திரங்களை வாங்கி ஸ்கேன் பண்ணி என் கம்ப்யூட்டரில் வைத்துக்கொள்வேன். நாற்பத்தொரு குடும்பம், முந்நூற்றுப் பதினெட்டுப் பத்திரம். இன்னொரு பிரதி எடுத்து வைக்கவேண்டும் என்று ஐந்து வருடமும் நினைத்துக்கொண்டுதான் இருந்தேன்.

அந்த மாதம் ஹார்ட் டிஸ்க் 'டிக் டிக்' என்று சத்தம் போடத் தொடங்கியது. பயந்துபோய் பதுளையில் கம்ப்யூட்டர் கடை வைத்திருக்கும் ஒரு பெண்ணிடம் போனேன். முப்பத்தைந்து வயது இருக்கும்.

"பழசு சாகப் போகுது சேர். பெட்டியக் கொண்டு வாங்க, புதுசு மாட்டி விண்டோஸும் போட்டுத் தாரேன்" என்றாள்.

ஊரார் பத்திரத்தை அந்நியர் பார்ப்பதா என்று மறுத்துவிட்டேன். அவள் புது டிஸ்க்கையும், விண்டோஸ் ஏற்றிய பென் டிரைவையும் கொடுத்து, "அப்ப ஒண்ணு மட்டும் செய்யுங்க. விண்டோஸ் போடுற நேரம் பழசக் கழட்டி வச்சிருங்க" என்று இரண்டு தடவை சொன்னாள்.

நான் கழற்றவில்லை. விண்டோஸ் போட்டதும் பழையதிலிருந்து பத்திரங்களை மாற்ற வேண்டுமே, பெட்டியை எதற்கு இரண்டு முறை திறப்பது என்று இரண்டையும் சேர்த்தே மாட்டிவிட்டேன்.

மறுநாள் காலை உட்கார்ந்தேன். எந்த டிஸ்க்கில் போடுவது என்று திரை கேட்டது. இரண்டும் ஒரே அளவு. ஒன்றுக்குப் பூஜ்யம் என்று எண், மற்றதற்கு ஒன்று. பூஜ்யத்துக்குக் கீழே மூன்று பிரிவுகள் இருந்தன. ஒன்றுக்குக் கீழே வெறுமை. ஆசிரியர் மூளை கணக்குப் போட்டது. ஏற்கனவே இருப்பது ஒன்று. புதிதாக வந்ததில் இன்னும் எதுவும் இல்லை, ஆகவே அது பூஜ்யம். மூன்று பிரிவுகளைக் கடைக்காரப் பெண் போட்டிருப்பாள். பழையது பழுதானதால் வெறுமையாகத் தெரிகிறது. கம்ப்யூட்டர் பூஜ்யத்திலிருந்து எண்ணத் தொடங்கும் என்பது எனக்குத் தெரியாது.

விண்டோஸுக்கு இடம் பண்ண மூன்று பிரிவுகளையும் அழித்தேன். ஒவ்வொரு தடவையும் "எல்லாம் அழிந்துவிடும், சரியா?" என்று கேட்டது. மூன்று தடவையும் சரி என்றேன்.

கோப்புகள் ஏறத் தொடங்கின. நூற்றுக்கு இருபத்து மூன்று வீதம் ஆனபோது அந்தச் சத்தம் கேட்டது. டிக் டிக். புது டிஸ்க்குக்கு ஏன் இந்தச் சத்தம்? பெட்டியில் காதை வைத்தேன். சத்தம் பழையதிலிருந்து வந்தது. அப்படியென்றால் விண்டோஸ் ஏறிக்கொண்டிருப்பது பழையதில்.

சுவரிலிருந்து வயரைப் பிடுங்கினேன். எவ்வளவு நேரம் அப்படியே நின்றேன் என்று தெரியவில்லை. அதை மட்டும் நான் எண்ணவில்லை.

அன்று பிற்பகலே கொழுந்து பறிக்கும் ஓர் அம்மா வந்து நின்றார். மழையில் அவர் லயத்தின் பின்சுவர் சரிந்து, பத்திரப் பெட்டி மண்ணோடு போயிருந்தது. மகள் சாதாரண தரப் பரீட்சை எழுத அடையாள அட்டை வேண்டும். அதற்குப் பிறப்புச் சான்றிதழை அடுத்த வெள்ளிக்கிழமைக்குள் பாடசாலையில் கொடுக்க வேண்டும். பதிவு எண் தெரிந்தால் புதுப் பிரதி எடுத்துவிடலாம். தெரியாவிட்டால் பதிவாளர் அலுவலகத்தில் பழைய புத்தகங்களைத் தேட மாதக்கணக்காகும்.

"சேர்கிட்ட இருக்குன்னுதான் நான் அழாம இருக்கேன்" என்றார்.

என் வாயிலிருந்து வந்தது இதுதான்: "அந்தக் கடைக்காரி குடுத்த பென் டிரைவ்ல ஏதோ கோளாறும்மா. எல்லாத்தையும் அழிச்சிருச்சு."

மறுநாள் அவரும் என்னோடு பதுளைக்கு வந்தார். வேண்டாம் என்று எப்படிச் சொல்வது? கடைக்குள் நுழைந்ததுமே அந்தப் பெண்ணைப் பிடித்துக்கொண்டார்.

"ஏம்மா, நீயெல்லாம் என்னத்தப் படிச்சே? வயசானவரு ஒன்னைய நம்பி வந்தாரு. எம்மவளும் என்னைய மாதிரி கொழுந்துக் கூடையத் தூக்கணுமா? அதான் ஒனக்கு ஆசையா?"

கடையில் நான்கு பேர் இருந்தார்கள். நால்வரும் திரும்பிப் பார்த்தார்கள். அந்தப் பெண் நான் கொண்டுபோன டிஸ்க்கை வாங்கி மாட்டினாள். எது அழிந்தது, அதன் மேல் எது ஏறியது என்பதெல்லாம் திரையில் வந்தது. ஒரு முறை என்னைப் பார்த்தாள்.

"கரண்ட்ட உடனே புடுங்கிட்டீங்களா சேர்?"

தலையாட்டினேன்.

"பொறகு போடலயே? நல்ல வேல." பிறகு அந்த அம்மாவிடம், "அக்கா, ஏசுறத ஏசிட்டீங்க. மூணு நாள் குடுங்க. எடுக்க முடிஞ்சத எடுத்துத் தாரேன்" என்றாள்.

தன் மேல் தப்பில்லை என்று அவள் சொல்லவே இல்லை. நானும் சொல்லவில்லை.

மூன்றாம் நாள் போனோம். இருநூற்று எழுபத்தொன்று திரும்பியிருந்தன. ஒன்றுக்கும் பெயர் இல்லை, எல்லாம் வெறும் இலக்கம். ஒவ்வொன்றாகத் திறந்தோம். நூற்று எண்பத்தெட்டாவது திறந்தபோது, வாசிக்கத் தெரியாத அந்த அம்மாதான் கத்தினார்.

"நிப்பாட்டு, நிப்பாட்டு! இதுதான். அந்த மஞ்சக் கறை எம்மவ சின்னதுல கைய வச்சது."

படத்தின் கீழ்ப்பாதி சாம்பல் நிறமாகச் சிதைந்திருந்தது. மேற்பாதியில் பதிவு எண்ணும் திகதியும் தெளிவாக இருந்தன. அது போதும்.

அந்த அம்மா கண்ணைத் துடைத்துக்கொண்டு, "இனியாவது பாத்து வேல செய்யி தங்கச்சி" என்றார். அவள் "சரிங்கக்கா" என்றாள். அந்த "சரிங்கக்கா"வைத்தான் என்னால் தாங்க முடியவில்லை.

"தப்பு இவங்க மேல இல்லம்மா. இவங்க சொன்னதக் கேக்காம நான்தான் அழிச்சேன். ஒங்ககிட்ட பொய் சொன்னேன்."

அந்த அம்மா என்னைப் பார்க்கவில்லை. கடைக்காரப் பெண்ணைப் பார்த்து, "அன்னைக்கு அம்புட்டுப் பேசுனேனே, நீ ஏன்டி வாயத் தொறக்கல?" என்றார்.

"தொறந்திருந்தா சண்டதான் வந்திருக்கும், நம்பர் வந்திருக்காது. அதோட சேர் மேல நம்பிக்க போயிட்டா, தோட்டத்துல யாரு அவர்கிட்ட கடுதாசி குடுப்பா?"

அவள் சாதாரணமாகத்தான் சொன்னாள். எனக்குத் தலையில் இடி விழுந்த மாதிரி இருந்தது. நான் என் பெயரைக் காப்பாற்றப் பொய் சொன்னேன். அதே பெயரைக் காப்பாற்ற, முன்பின் பழக்கமில்லாத ஒருத்தி நான்கு பேர் முன்னால் ஏச்சு வாங்கியிருக்கிறாள்.

திரும்பும் பஸ்ஸில் அந்த அம்மா வேறு இருக்கையில் போய் உட்கார்ந்துகொண்டார். இறங்கும்போது ஒன்று மட்டும் சொன்னார்: "மத்தவங்களுக்கும் நீங்களே சொல்லிருங்க சேர்."

சொன்னேன். நாற்பது வீட்டுக்கும் ஏறி இறங்கினேன். திரும்பி வராத நாற்பத்தேழு பத்திரங்கள் ஒன்பது குடும்பங்களுடையவை. சிலர் ஏசினார்கள். ஒரு வீட்டில் கதவையே சாத்தினார்கள்.

இப்போதும் யாராவது கடுதாசியோடு வந்து "பத்திரமா இருக்குமா சேர்?" என்று கேட்டால், ஒரு தடவை என் கையால் எல்லாவற்றையும் அழித்தேன், அதை இன்னொருத்தி தலையில் போட்டேன் என்று முதலில் சொல்லிவிடுகிறேன், அதற்குப் பிறகும் அவர்கள் நீட்டினால்தான் வாங்கிக்கொள்கிறேன்.