முகப்பில என்ர படம்

இண்டைக்கு வில்லரேயில பஸ் ஏறினன். பக்கத்தில இருந்த அக்கா போனை நீட்டினா.

"தம்பி, சங்கத்தில இலவசமாச் சாப்பாட்டுச் சாமான் எத்தனை மணிக்குக் குடுப்பினம் எண்டு இதில எங்க கிடக்கு?"

பார்த்தால் எங்கட தமிழ்ச் சங்கத்தின்ர வெப்சைட். நான்தான் செயலாளர்.

தேடினன். தலைவரின்ர வாழ்த்துச்செய்தி இருக்கு, பொங்கல் விழாப் படங்கள் இருக்கு. நேரத்தை மட்டும் காணேல்லை. பேந்து நான் கோட்டுப் போட்டு விளக்கேத்துற படம் வந்தது.

அக்கா படத்தையும் பார்த்தா, என்னையும் பார்த்தா.

"இது நீங்கள்தானே? அப்ப உங்களுக்குத் தெரியுந்தானே?"

எனக்கும் தெரியாது. வெக்கத்தில ரெண்டு பஸ் தரிப்புக்கு முன்னமே இறங்கி நடந்தன்.

பின்னேரம் வெப்சைட்டைப் புதுசாக்கிற கூட்டம். என்ர படத்தை இன்னும் பெரிசாப் போடச் சொல்லி நேற்றுத்தான் எல்லாருக்கும் ஈமெயில் அனுப்பினனான். அந்த ஈமெயிலைத் திருப்பி எடுக்க ஆருக்கும் வழி தெரியுமோ?