சேதம் சார்

வரப்பில் நின்றபடியே செருப்பைக் கழற்றி, காற்சட்டையை முழங்கால் வரை சுருட்டிக்கொண்டு, சேற்றுக்குள் இறங்கிவிடுகிறார். ரோட்டிலிருந்தே எட்டிப் பார்த்து அறிக்கை எழுதும் சாமர்த்தியம் இவருக்கு இன்னும் கைவரவில்லை. பதினோரு வருடமாகப் பயிர்ச் சேதம் கணக்கெடுக்கிறார். வெள்ளம் வடிந்த பிறகு இவர் பைக் சத்தம் கேட்டாலே, "சேதம் சார் வந்துட்டாரு" என்று தோட்டத்துக்குத் தோட்டம் செய்தி பறக்கும். சொந்தப் பெயர் அலுவலகப் பதிவேட்டுக்கு மட்டும்தான் தெரியும்.

அழுகிய பயிரின் நடுவே விவசாயியை நிறுத்திக் கைபேசியில் படம் எடுக்க வேண்டும். நிவாரணப் பணத்துக்கு அதுதான் சாட்சி. ஆனால் மனிதர்கள் தலைவாரி, சலவைச் சட்டை போட்டு வந்து பல்லைக் காட்டுகிறார்கள். "சிரிக்காதீங்கண்ணே, விளைச்சல் அமோகம்னு மேல நினைச்சுக்குவாங்க" என்பார்.

இவரை ஏமாற்றுவது லேசில்லை. சேற்றை வாளியில் கரைத்துச் செடிகள்மேல் ஊற்றி வைத்திருந்த ஒருவரின் தோளில் கைபோட்டு, "வெள்ளச் சேறு அடியிலேருந்து மேல ஏறும். உங்களுக்கு மட்டும் மேலேருந்து இறங்கியிருக்கே" என்றார். அந்த ஆள் அசடு வழிந்தார். பட்டியலில் பெயர் ஏறவில்லை.

இவரைப் பற்றி எழுத நான் கூடப் போன அன்று, கடைசியாக ஒரு அம்மாவின் மக்காச்சோள வயல். கணவர் இல்லை, குத்தகை நிலம், நிவாரணம் வந்தால்தான் அடுத்த விதைப்பு. பட்டியலை அன்று மாலை ஐந்து மணிக்கு மூடிவிடுவார்கள். போய்ப் பார்த்தால் வயல் துடைத்து வைத்ததுபோல் இருக்கிறது. ஒரு சோளத்தட்டை இல்லை.

"ஆபீசர் வர்றீங்கன்னு சொன்னாங்க தம்பி. குப்பையும் கூளமுமா கெடந்தா நல்லாவா இருக்கும்? நானும் பொண்ணும் ரெண்டு நாளா பிடுங்கி, கொட்டகைக்குப் பின்னாடி போட்டுட்டோம்."

எனக்குத் தலையில் அடித்துக்கொள்ளலாம் போலிருந்தது. அந்தம்மாமேல் கோபம் வந்தது. வந்ததற்காக வெட்கமாகவும் இருந்தது.

"என்னக்கா இது, சேதத்தையே காணாம பண்ணிட்டீங்களே" என்றார் இவர்.

"அழுகினதெல்லாம் அங்கதான கெடக்கு, அதப் படம் பிடிங்களேன்."

"எங்க நின்னு எடுத்தேன்னு இந்த போனே சொல்லிடும்க்கா. வயல்ல கெடந்தாத்தான் கணக்கு."

அந்தம்மாவின் முகம் சுண்டிவிட்டது. மகள் மண் படிந்த தன் கைகளையே பார்த்துக்கொண்டிருந்தாள். "அப்ப எங்களுக்கு இல்லையா தம்பி?"

இவர் வயலில் குனிந்து, தட்டைகளைப் பிடுங்கிய குழிகளை ஒரு வரிசை முழுக்க விரலால் தொட்டு எண்ணினார். கொட்டகைக்குப் பின்னால் போய், நாறிக் கிடந்த குவியலைப் புரட்டிப் பார்த்தார். மணி நாலே கால். பிறகு ஒரு பெரிய கட்டாக அள்ளித் தோளில் போட்டுக்கொண்டார். கறுத்த நீர் வெள்ளைச் சட்டையில் முதுகு வரை வழிந்தது. வயலுக்குத் திரும்பி, முதல் குழியருகே மண்டியிட்டு, ஒவ்வொரு தட்டையாக அதனதன் குழிக்குப் பக்கத்தில் படுக்க வைக்கத் தொடங்கினார்.